நான்காம் எண் வயர்

யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஆனாலும் லேப்டாப், எதையோ கழற்றிவிட்டார்கள் என்று சொல்லும் அந்த இறங்கு சத்தத்தை ஒருமுறை எழுப்பிவிட்டு உறைந்து நின்றது.

குறடு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். இரண்டும் மடியில்தான் இருந்தன.

குறடு என்பது சர்வீஸ் கடையில் அவனுக்கு வைத்த பெயர். எந்த வேலைக்குப் போனாலும் பையிலிருந்து முதலில் வெளியே வருவது குறடுதான். இன்று வந்திருப்பது ஒரு பெரிய அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆவண அறைக்கு. சன்னல் கிடையாது. தண்டவாளத்தின் மேல் நகரும் பத்து இரும்பு அலமாரிகள், ஒன்றோடொன்று ஒட்டி, தோளோடு தோள் இடித்து நிற்கும் ஆட்களைப்போல நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மூன்று கைப்பிடி கொண்ட ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் அலமாரி நகர்ந்து ஆள் நுழையும் அளவுக்கு வழி விடும். மூலையில் ஒரு மேசை, அதன்மேல் அந்த லேப்டாப், அதிலிருந்து ஒரு ஹப், ஹப்பிலிருந்து ஆறு வயர்கள். பழைய காகித வாடையை மூழ்கடித்துக்கொண்டு பாச்சை உருண்டை வாடை மூக்கைக் குடைந்தது.

"எலி ஏதோ செத்துக் கெடக்கு தம்பி. எந்த அலமாரிக்குள்ளன்னு தெரியல. அதான் ரெண்டு பாக்கெட் உருண்டையைக் கொட்டி வச்சேன்" என்று சொல்லியிருந்தார் வாட்ச்மேன்.

அவர்தான் அவனைக் கீழே கூட்டி வந்தவர். அறைக் கதவு விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். உள்ளே ஒரு ரீடர், வெளியே ஒரு ரீடர். இரண்டுக்கும் மூளை அந்த லேப்டாப். அது உறைந்தால் கதவும் உறையும். கால் மணி நேரம் வெளியே நின்று, அது தானாகத் தெளிந்த ஒரு நொடியில் வாட்ச்மேன் விரலை வைத்துத் திறந்தார்.

"பையைக் கதவிடுக்குல வச்சிட்டு வேலையைப் பாருங்க. இந்தக் கதவு சில மாமியாருங்க மாதிரி. உள்ள விடும், வெளிய விடாது."

"அனுபவம் போலருக்கே, அண்ணே."

"முப்பது வருசம். சிரிக்காதீங்க. போன மாசம் உங்க கடையிலேர்ந்து வந்தாரே, சோடாபுட்டி கண்ணாடி போட்டவரு, அவரும் இதே கம்ப்ளெயிண்டுக்குத்தான் வந்தாரு."

"சரி பண்ணாரா?"

"பண்ணிட்டுத்தானே போனாரு. ஆறு பத்துக்கு வெளிய போயிட்டதா மேல என் திரையில காட்டுச்சு. போறவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? அவருக்கு டீ வாங்கி வச்சிருந்தேன். ஆறிப்போச்சு."

சோடாபுட்டி அதன்பின் கடைக்கும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. 'வேற எடத்துல வேலை கெடைச்சிருக்கும், ஓடிட்டான்' என்றார் முதலாளி. குறடும் அதையே சொன்னான். அவன் வேலையும் தன் தலையில் விழுந்த எரிச்சலில் நாலு பேர் முன்னால் கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னான். யாரும் அவன் வீடுவரை போய்ப் பார்க்கவில்லை.

குறடு வேலையைத் தொடங்கினான். இந்த நோய்க்கு ஒரே வைத்தியம்தான். எல்லா வயரையும் பிடுங்கு. ஒவ்வொன்றாக மாட்டு. எதை மாட்டும்போது உறைகிறதோ அதுதான் குற்றவாளி. கடை வழக்கப்படி ஒவ்வொரு வயரிலும் காகித நாடா ஒட்டி எண் எழுதியிருந்தது. சோடாபுட்டியின் முத்து முத்தான கையெழுத்து. ஒன்று, மவுஸ். இரண்டு, பிரிண்டர். மூன்று, வெளிக்கதவு ரீடர். நான்கு, உள்கதவு ரீடர்.

மவுஸைப் பிடுங்கி, பழுதில்லாத வேறொரு மவுஸை மாட்டிப் பார்க்க நினைத்தான். அது பையில் இருந்தது. எழுந்து போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசையில் வைத்து ஜிப்பைத் திறக்கும்போதுதான் முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகப் பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

க்ளிக்.

"அட மடையா" என்று தன்னையே சொல்லிக்கொண்டான்.

போனில் சிக்னல் இல்லை. சுவரில் ஒரு இண்டர்காம் பெட்டி இருந்தது. மேலே பேசுவது தானாகக் கேட்கும். கீழிருந்து பேச, பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தான்.

"அண்ணே, கதவு மூடிக்கிச்சு."

"நான்தான் சொன்னேனே! இருங்க." செருப்புச் சத்தம் போனது. நெடுநேரம் கழித்துத் திரும்பியது. "கீழ வந்து வெளி ரீடர்ல வச்சுப் பாத்தேன், விரல் எடுக்க மாட்டேங்குது. வேற சாவி மேனேஜர்கிட்டதான். அவரு குடும்பத்தோட வெளியூர். மூணு நாள் லீவாச்சே."

"மூணு நாளா?"

"பயப்படாதீங்க தம்பி. நீங்க உள்ள இருக்கீங்கன்னு திரையில இருக்கறவரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். நீங்க அந்தப் பொட்டிய மட்டும் சரி பண்ணுங்க."

மணி ஐந்தே முக்கால். குறடு கதவருகே போய்ப் பார்த்தான். உள்கதவு ரீடர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சட்டம்தான் இருந்தது. இரண்டு திருகாணிகள் பாதி கழன்று தொங்கின. ரீடரை யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க எடுத்திருப்பான். எடுத்தவன் திருப்பி வைக்க வேண்டாமா? மேசைக்கு வந்து நான்காம் எண் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது மேசைக்கடியில் இறங்கி, தரையில் ஊர்ந்து, ஏழாவது அலமாரிக்கும் எட்டாவது அலமாரிக்கும் நடுவில், ஒரு விரல்கூட நுழையாத அந்தக் கோட்டுக்குள் போய் மறைந்தது.

அங்கே வாடை அதிகமாக இருந்தது. பாச்சை உருண்டையைத் தாண்டிய இன்னொரு வாடை.

எலி, என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசியாக நான்கு. முனை அவன் கையில் இருந்தது. லேப்டாப் கொஞ்சம் தெளிந்தது. மாட்டியிருக்கும் சாதனங்களின் பட்டியல் திரையில் மெல்ல நிரம்பியது. மற்ற எல்லாப் பெயர்களும் போயிருந்தன. ஒன்று மட்டும் இருந்தது.

உள்கதவு ரீடர். பக்கத்தில் ஒரு வரி: 'விரல் வைக்கப்பட்டுள்ளது. படிக்கிறது.'

அடுத்த நொடி திரை மறுபடி உறைந்தது.

குறடு கையிலிருந்த வயர் முனையைப் பார்த்தான். வெறும் முனை. எதிலும் மாட்டாத முனை. படிக்கிறதாம். ரீடர்மேல் ஒரு விரலை வைத்து எடுக்காமலே இருந்தால் லேப்டாப் படித்துக்கொண்டேதான் இருக்கும். படித்து முடிக்காமல் வேறு எதையும் செய்யாது. உறைவதற்குக் காரணம் அதுதான். கணக்கு நேராக இருந்தது. விடைதான் நேராக இல்லை.

அப்போது வயர் அவன் விரல்களுக்குள் அசைந்தது. மெல்ல. தூண்டிலில் மீன் தொடுவதுபோல ஒரு இழுப்பு.

கையை உதறினான். முனை தரையில் விழுந்து ஒரு சாண் நகர்ந்தது. நின்றது.

அலமாரி நகர்ந்திருக்கும், அதான் இழுக்கிறது என்று அறிவு சொன்னது. அலமாரி நகரவில்லை என்று கண் சொன்னது. மூன்று நாள் இந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு உட்கார முடியாது. ரீடரை எடுத்தால் கதவு. எடுக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

எட்டாவது அலமாரியின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினான். இரும்பு முனகியது. கோடு பிளவாகி, பிளவு வழியானது. உள்ளே இருட்டு. தூரத்தில், தரையை ஒட்டிய தட்டில், சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம். மின்சாரம் இல்லாத வெளிச்சம்.

ஒருமுறை மடையனானது போதும். பையைத் தண்டவாளத்தின்மேல் முட்டுக்கொடுத்து வைத்தான். போன் விளக்கைப் பற்களில் கடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்தான். இரண்டு பக்கமும் கோப்புக் கட்டுகள் தோளை உரசின. காகிதம் சத்தத்தை விழுங்கியது. அவன் மூச்சுகூட அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

முழங்காலிட்டான். ரீடர் கட்டுகளுக்குள் ஆழமாகச் செருகியிருந்தது. வயர் தட்டுக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. இழுத்தான். வரவில்லை. வெட்டினால்தான் வரும். பிறகு முறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

காலைப் பின்னால் நீட்டி, பையின் வாரைக் கட்டைவிரலில் மாட்டித் தன்பக்கம் இழுத்தான். ஜிப்பைத் திறந்தான். குறடு கைக்கு வந்தது.

வந்தபிறகுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தான். தண்டவாளம் வெறுமையாக இருந்தது. சக்கரம் அசையாமல் நின்றது. சீக்கிரம். வெட்டு, எடு, போ. விளக்கைத் தட்டுக்குள் திருப்பினான்.

கட்டுகளுக்கு நடுவே ஒரு தடித்த கண்ணாடி. அதன் ஒரு வில்லையில் அவன் விளக்கு தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு கை. தோல் காகிதமாகி, காகிதங்களோடு காகிதமாக நசுங்கிய கை. அதன் கட்டைவிரல் ரீடரின் சிவப்புக் கண்ணாடியின்மேல் அழுந்தியிருந்தது. விடாமல். ஒரு மாதமாக.

அவன் வாயிலிருந்து போன் விழுந்து அணைந்தது.

சிவப்பு வெளிச்சத்தில், அந்தக் கட்டைவிரல் எழுந்தது.

வெளியே லேப்டாப் ஏறு சத்தம் எழுப்பியது. புதிதாக ஒன்று மாட்டப்பட்டதைச் சொல்லும் சத்தம். பிறகு சுவர்ப் பெட்டி கரகரத்தது.

"தம்பி? ஆறு பத்துக்கு வெளிய போயிட்டதா காட்டுதே! எந்தப் பக்கமா போனீங்க? நான் பாக்கவே இல்லையே." சிரிப்பு. "உங்க கடைக்காரங்களே இப்படித்தான்யா. ஒரு வார்த்தை சொல்லாம போறது. சரி, நானும் கிளம்பறேன். மெயின் சுவிட்ச அணைக்கிறேன்."

குறடு கத்தினான். பொத்தான் பத்தடி தள்ளி இருந்தது. காகிதம் விழுங்கியது.

செருப்புச் சத்தம். தூரமாக. இன்னும் தூரமாக.

விளக்குகள் அணைந்தன. ரீடர் மட்டும் சிவப்பாக எரிந்தது. அதன் கண்ணாடி இப்போது காலியாக இருந்தது, துடைத்துவிட்டதுபோல, அடுத்த விரலுக்கு.

பின்னால், யாரும் பிடிக்காத சக்கரம், முனகிக்கொண்டு, மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.