மறுசோறு

முதலில் சுருங்கியது ஐயம்பெருமாளின் கையெழுத்துதான். முப்பது வருஷம் பாளையங்கோட்டை கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர் பால்காரனுக்கு எழுதிய சீட்டில், வரி முடிவதற்குள் எழுத்து எறும்பாகி, எறும்பு புள்ளியாகி நின்றுவிட்டது. அதற்குப்பின் சிரிப்பு போனது, குரல் மூச்சாகத் தேய்ந்தது. குதிகால் தரையில் படாமல், சேவல் நடப்பதுபோல் விரல்நுனியில் டக், டக் என்று அவர் கூடத்தைக் கடக்கும் சத்தத்தை மனைவி ஞானம்பாள் அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவருடைய குடலை வெட்டியெடுத்து இரண்டு வருஷம். வாய்க்கு ஒரு பருக்கை கிடையாது. நெஞ்சில் செருகிய குழாய் வழியாக, பால்போல் வெளுத்த பாட்டில்தான் சாப்பாடு. சாயங்காலம் கைகழுவி, ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடித்து, தாதுச்சத்து மருந்தை அவள்தான் அதில் கலப்பாள். டிக். மறுபடியும், டிக். இரண்டாவது டிக்குக்கு அவர் வலது கை நடுங்கி எழும்பிக் கவிழும். நோயின் நடுக்கம் என்றிருந்தாள்.

மதுரையில் எடுத்த ஸ்கேன் படத்தை டாக்டர் பாக்கியசீலன் விளக்குப் பலகையில் மாட்டினார். சாம்பல்நிற மூளை. அதன் நடுவே, இருபக்கமும், வெள்ளைத் திட்டுகள்.

"இது நீங்க கலக்குற மருந்துல இருக்க மாங்கனீசும்மா. சோத்துல வந்தா குடல் துளிதான் உள்ள விடும். மிஞ்சுனத ஈரல் பித்தத்துல கலந்து வெளிய தள்ளிரும். ரத்தத்துல நேரா ஏத்துனா வாசல்ல தடுக்க ஆளில்ல. மூளைல அங்கன போயி உக்காந்துருது. காந்தத்துல வச்சுப் படம் எடுத்தா வெள்ளையா மின்னும்." அவள் பக்கம் திரும்பினார். "தெனம் ஒரு ஆம்பூல்தான போடுதீங்க?"

"ரெண்டு."

"நான் ஒண்ணுதான சொன்னேன்?"

"ஒருக்கா மட்டும் வச்சு எந்திரிக்க விடலாமா டாக்டர்? மறுசோறு வைக்கண்டாமா?"

டாக்டர் படத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இனி ஒண்ணுகூட வேண்டாம்மா. வெள்ளை பைய மறையும். அண்ணாச்சி பழையபடி ஆவாகளான்னு சொல்லத் தெரியல."

ஞானம்பாளுக்கு அழுகை வரவில்லை. பஸ் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது டிக்கெட்டை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

வீட்டில் மத்தியான வெளிச்சம். கூடத்தில் அவர் இல்லை. ஜன்னலுக்கு நேராகப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

டக். டக்.

வெளியே, முற்றத்தில்.

நின்றது.

படத்துக்குப் பின்னால் ஒரு முகம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். இமைக்கவில்லை.

கம்பிகளுக்கிடையே வலது கை உள்ளே நீண்டது. விரல்கள் ஒட்டி. உள்ளங்கை கவிழ்ந்து. போதும் போதும் என்று இலையை மறைப்பதுபோல்.