சுவருக்குச் சொன்ன சமாதானம்

மழை விட்டுவிட்டுத் தூறிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டினப்பாக்கத்து மாதா கோயிலுக்குள் தெக்லா நுழைந்தபோது பூசை ஆரம்பித்துவிட்டிருந்தது. வழக்கமாக உட்காரும் முன்வரிசையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். இங்கே பின்னால் யாரும் வர முடியாது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கொழுந்தன் எஸ்தாக்கியை அடக்கம் செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

புருஷன் போன பிறகு தெக்லாவுக்கென்று இருந்தது ஒரே மகன், செலஸ்தீன். தொண்ணூற்றாறில், கடல் கொந்தளித்த ஒரு நாள், மூக்கு முட்டக் குடித்திருந்த எஸ்தாக்கி அவனைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனான். மரம் கவிழ்ந்ததும் பையனை அலையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நீந்திக் கரையேறினான்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து அவள் பின்னாலேயே உட்கார்ந்தான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் கைகூப்பி, "சமாதானம் அண்ணி" என்பான். அக்கம்பக்கம், முன்வரிசை என்று ஊருக்கே சமாதானம் சொல்லும் தெக்லா பின்னால் மட்டும் திரும்ப மாட்டாள்.

குடித்துக் குடித்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாமியாரே வீடு தேடி வந்தார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நிம்மதியா கண்ணை மூடுவான்."

"எம்புள்ள நிம்மதியாவா சாமி கண்ண மூடுனான்?"

சாமியார் திரும்பிப் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறே ஆரம்பித்தது. காலியாகக் கிடந்த பின் பெஞ்சிலிருந்து அதே குரல். பெற்ற பிள்ளை ஒரு நாள்கூடக் கனவில் வரவில்லை. அவனைக் கொன்றவன் மட்டும் வாராவாரம் வந்தான். பயத்தைவிட இந்த அநியாயம்தான் அவளை வதைத்தது.

இன்று சாமியார் சமாதானம் சொல்லச் சொன்னார். பக்கத்திலிருந்த ரெஜினாவுக்குக் கைகூப்பினாள் தெக்லா.

முதுகு சில்லிட்டது.

சுவரிலிருந்து உப்புத் தண்ணீரும் சாராயமும் கலந்த வாடை.

"சமாதானம் அண்ணி."

தொலைந்தால் போதும் என்றிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"சமாதானம். போதுமா? போய்டு."

கூப்பிய கைகளை இரண்டு ஈரக் கைகள் பொத்திப் பிடித்தன.

கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளையடித்த சுவர் மட்டும்தான்.

இழுத்தாள். விடவில்லை.

"மன்சார சொல்லு அண்ணி."

எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் போனார்கள். "இன்னாக்கா, சொவுத்த பாத்துக்கினு நிக்கிற?" என்று கிசுகிசுத்துவிட்டு ரெஜினாவும் போனாள்.

தீமை செய்தவர்களைப் பொறுப்பதாக, சற்றுமுன் பரலோக மந்திரத்தில் வாய் நிறையச் சொன்னவள்தான் தெக்லா. இப்போது நெஞ்சைத் துழாவிப் பார்த்தாள். அங்கே மகன் மட்டும் கிடந்தான், கரையொதுங்கிய கோலத்தில்.

"முடில எஸ்தாக்கி," என்று அழுதாள். "மெய்யாலுமே முடில."

பிடி தளர்ந்தது. குரலில் கோபமே இல்லை.

"பரவால்ல அண்ணி. இப்பனாச்சும் என் பக்கம் திரும்புனியே. உன்னால எப்ப முடியுதோ அப்ப சொல்லு. அதுவரிக்கும் உன்கூடவே கீறேன்."

பூசை முடிந்ததும் தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

"வா அண்ணி," என்றது உள்ளேயிருந்து.