ரவூப் பார்த்தது

ரவூப் வீட்டுக் கதவை மூன்றாம் முறை ஓங்கித் தட்டியபோதுதான், அந்தி நேரத்தில் சிங்கப்பூர்த் தேக்காவையே இரண்டாக்கும் காக்கைகளில் ஒன்றுகூட இந்தச் சந்தில் கத்தவில்லை என்பது வடிவேலுவுக்கு உறைத்தது. மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

காக்கையா இப்போது முக்கியம்? ரவூப்பை நேருக்கு நேர் கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

ஐம்பத்தேழாம் ஆண்டின் அந்த நவம்பரில், மூன்று நாளைக்கு முன்பு, சாங்கிக் கடலோரப் பங்களா ஒன்றில் இருவரும் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம். கடலுக்கு மேலே தோசைக்கல் போல் வட்டமாக, கறுப்பாக ஒன்று வந்து நின்றது. இறக்கை இல்லை, இரைச்சல் இல்லை. அதன் அடியில் மட்டும் கடல் கொப்புளம் போல் மேலே புடைத்தது. அண்ணாந்தபடி மரமாய் நின்ற ரவூப்பை வடிவேலுதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

வேலையைப் போட்டுவிட்டு ஏன் ஓடினீர்கள் என்று மறுநாள் கம்பெனியில் கேட்டார்கள். வடிவேலு கண்டதைக் கண்டபடி சொன்னான். ரவூப்போ மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒண்ணும் பாக்கல" என்றான்.

குடிகாரன் என்று வடிவேலுவை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். சந்தையில் மீன் விற்கும் மாணிக்கம்கூட, "இன்னிக்கு ஏதாச்சும் பறந்துச்சா லா?" என்று கேட்டுச் சிரித்தான். பத்து வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்ற ரவூப் செய்கிற வேலையா இது?

கதவு திறந்தது. ரவூப்பின் மனைவி ஆமினா பீவி, கையில் அகப்பையுடன் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்க தங்கச்சி அவன்?"

"பின்னாடி முத்தத்துல, அண்ணே. நேத்து மத்தியானத்துலேருந்து நின்ன எடத்துலயே நிக்கிறாரு. சோறு எறங்கல. நீங்க சொன்னா கேப்பாரு."

"கேக்க வைக்கிறேன்."

கடைவீட்டின் நீண்ட இருட்டு நடை ஈரச் சுண்ணாம்பும் தீய்ந்த வெங்காயமுமாக நாறியது. சுவரில் அவன் தோள் உரசும் சத்தம் அவனுக்கு முன்னாலேயே யாரோ நடந்து போவது போல் கேட்டது. ஆமினா பீவி அழுகைக்கு நடுவே ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். நடை முடியுமிடத்தில், நான்கு சுவருக்கு நடுவே வானம் தெரியும் சின்ன முற்றம். அங்கே முதுகைக் காட்டி நின்றான் ரவூப்.

"திரும்புடா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் குடிகாரனா?"

வடிவேலு பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பினான். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.

முகம் வானத்தைப் பார்த்திருந்தது. வாய் பிளந்திருந்தது. உதடு விளிம்புவரை மழைநீர். விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. திறந்த கண்களிலும் நீர். இமை அசையவில்லை.

மோவாயைப் பிடித்துக் கீழே இழுத்தான். கழுத்து இரும்பாக இருந்தது. வாயில் இருந்த நீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. உதட்டைத் தாண்டி மெல்ல மேலே புடைத்தது.

மேலே பார்க்கக் கூடாது. தரை. தரையை மட்டும் பார்.

சொட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. காலடியில் தேங்கிய தண்ணீர், சொட்டுச் சொட்டாக, தரையை விட்டு எழுந்துகொண்டிருந்தது.

பின்னால் ஆமினா பீவியின் பேச்சு பாதிச் சொல்லில் அறுந்தது.

திரும்பினான்.

அகப்பை கையிலேயே இருந்தது. முகம் அண்ணாந்திருந்தது. கன்னத்துக் கண்ணீர் நெற்றியை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, அவள் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.