ஈரமாகத் திரும்பி வந்த ஜிக்

ஆன்லைனில் தூண்டில் சாமான் விற்கும் பொம்மனஹள்ளி கிடங்குக்குத் திரும்பி வந்த அந்த ஜிக் ஈரமாக இருந்தது. மங்களூரிலிருந்து கூரியரில் ஒரு வாரம் புரண்டு வந்த பெட்டி. உள்ளே எப்படி ஈரம்?

பெட்டியைப் பிரித்த பேக்கிங் பெண் மகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கணவாய் பிடிப்பதற்கான பொய் இறால் அது. துணி சுற்றிய பிளாஸ்டிக் உடம்பு, கண்ணாடிக் கண், வால்பக்கம் குடைக்கம்பிபோல விரிந்த ஊசிகள். துணியிலிருந்து சளி மாதிரி ஏதோ வழிந்து பெட்டி மூலையில் கருப்பாகக் கட்டியிருந்தது. அழுகிய மீனும் யாருடையதோ வாய் நாற்றமும் கலந்து அவள் தொண்டைக்குள் இறங்கின.

“கழுவி புது கவர்ல போடும்மா,” என்றான் சூப்பர்வைசர் ப்ரஹ்லாத், வாசலில் நின்றபடியே.

“இத நீங்க தொடுவீங்களா சார்?”

“நீதானே ஜுவாலஜி? நான் வெறும் பி.காம்.” சிரித்தான். “முடியாதுன்னா சொல்லிடு, நாளைக்கே வேற பொண்ணு வரும்.”

வீட்டிலேயே முதல் டிகிரி. எவனோ திருப்பி அனுப்பிய சளியைக் கழுவ.

பின்னறை மோரியில், தரையோடிருந்த சாக்கடைத் துளைக்கு மேல் கழுவும்போதே கஸ்டமர் கால். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். “கலங்கின தண்ணிக்குப் பச்சையா மின்னுறத வாங்குங்க சார். ரெண்டு வாட்டி வெட்டி இழுங்க, அப்புறம் சும்மா விடுங்க. ஊசில எதிர்முள்ளு கிடையாது, தூண்டில் நரம்பு தளர்ந்தா கழண்டுடும். கணவாய் மேல வரும்போது மை கக்கும், மூஞ்சத் திருப்பிக்கோங்க.”

ஜிக்கில் தொங்கிய அறுந்த தூண்டில் நரம்பின் நுனி, தண்ணீரோடு மோரித் துளைக்குள் போயிருந்தது. போகட்டும். மின்னுகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. டார்ச்சைக் காட்டி வெளிச்சம் ஏற்றினாள். கதவைச் சாத்தினாள். லைட்டை அணைத்தாள்.

உள்ளங்கையில் பச்சை ஒளி. கழுவிய துணி மறுபடி பிசுபிசுத்தது. ஜுரக்காரன் தோல்போலக் கதகதத்தது. மோரிக்குள் யாரோ கோழையை விழுங்குவதுபோல ஒரு சத்தம்.

நரம்பு நேரானது.

துளைக்குள்ளிருந்து ஏதோ வெட்டி இழுத்தது. மறுபடி இழுத்தது. ஊசிகள் அத்தனையும் உள்ளங்கைச் சதைக்குள்.

எதிர்முள் இல்லாத ஊசி. தளர்ந்தால் கழன்றுவிடும்.

தளரவில்லை.

முட்டி தரையில். கை துளையின் விளிம்பில். வழுவழுப்பு. நாற்றம்.

இழுப்பு நின்றது. நரம்பு விறைத்தபடியே இருந்தது.

“ஆயித்தா மகா, முடிஞ்சுதா?” கதவுக்கு வெளியே ப்ரஹ்லாத்.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கருப்பாக, கெட்டியாக, சூடாக மை வந்தது. அவள் கையை மூடிக்கொண்டு மோரிக்குள் வழிந்தது.

துளைக்குள், பச்சை வெளிச்சம் எட்டும் தூரத்தில், அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகம் மெல்லத் திரும்பிக்கொண்டது.