குச்சி படாத டிரம்

முதலில் டிரம் அதிர்ந்தது. அப்புறம்தான் கோயில் மணி அடித்தது.

லூயிஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். சைட் டிரம்மின் அடித்தோலுக்குக் குறுக்கே ஆட்டு நரம்புகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட அவை கிர்ரென்று சேர்ந்து நடுங்கும். பாண்டுக்காரன் வீட்டில் இது எல்லாரும் அறிந்த சங்கதிதான். ஆனால் சத்தம் முந்த வேண்டும், நரம்பு பிந்த வேண்டும். இது முறைமாறி வந்தது. தூக்கம் கெட்ட காது ஏதோ உளறுகிறது என்று அவன் தன்னையே கடிந்துகொண்டான்.

உள் அறையில் அவன் மனைவி வெரோனிகா காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். "இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப் போற நைனா? போய் உன் வேலையப் பாரு" என்று மருத்துவச்சி வேலம்மா அவனை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். போன பிரசவத்தில் பிறந்த பிள்ளை அழவே இல்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் டிரம் அடித்துக்கொண்டு நடந்தவன் லூயிஸேதான், பங்குக்கோயில் பாண்டில் வேறு ஆள் இல்லாததால். இந்தத் தடவை ஒரே ஒரு அழுகைச் சத்தம் கேட்டுவிட்டால் போதும் அவனுக்கு. வேறு எதையும் அவன் மாதாவிடம் கேட்கவில்லை.

முந்தின நாள் அந்த டிரம்மைக் கொண்டுவந்து வைத்தவர் குலாம் ரசூல், ராயப்பேட்டையில் பழைய பட்டாளச் சாமான் விற்கிறவர். யுத்தம் முடிந்ததிலிருந்து அவருக்கு ஏலச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

"எந்தக் காலத்து மாலு, இன்னா விலை பெறும், நீ பார்த்துச் சொல்லு லூயிசு. அதுவரிக்கும் இங்கியே இருக்கட்டும். எங்கூட்டுப் பொம்பளைங்க பயப்படுதுங்கோ."

"டிரம்முக்கு எதுக்கு பாய் பயப்படணும்?"

அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

கைக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று லூயிஸ் மறுபடி குனிந்தான். பித்தளைத் தகடு சேரும் இடத்தை விரலால் தடவியபோது கையால் பற்றவைத்த மேடு தட்டுப்பட்டது. திருகாணி எதுவும் கிடையாது, கயிறு இழுத்துக் கட்டும் பழைய மாதிரி. காற்றுத் துளைக்கருகே தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். பட்டறைக்காரர் ஒட்டிய சீட்டு உதிர்ந்துபோய்ப் பசையின் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. துளை வழியே ஈரத்தோலும் பித்தளைக் களிம்பும் கலந்த மூச்சு முகத்தில் அடித்தது, கூடவே கதவிடுக்கிலிருந்து உள் அறையின் வெந்நீர் வாசமும் சாம்பிராணிப் புகையும் வந்தன. எப்படிப் பார்த்தாலும் அறுபது எழுபது வருஷத்துச் சரக்கு, பெரிய விலை போகும்.

மேல்தோலை விளக்குக்கு நேரே சாய்த்தான். ஒரு குச்சித் தழும்புகூட இல்லை. யாரும் ஒரு நாளும் அடிக்காத தோல். திருப்பினான். அடியில் நரம்புகள் நூலாகத் தேய்ந்திருந்தன, வருஷக்கணக்கில் ஓயாமல் துடித்தவை போல. அடிக்காத டிரம்மில் நரம்பு எப்படித் தேயும்?

கிர்ர்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். உள்ளே வெரோனிகா முனகினாள்.

கிர்ர். நீண்ட அமைதி. லஸ் பக்கம் டிராம் மணி கணகணத்தது. நரம்புக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போவது அவனுக்குப் புரிந்தது.

கிர்ர். சின்னதாக, வெட்டினாற்போல. இது யாருடையது என்று அவன் யோசிக்கும்போதே தொண்டை கமறி அவனே இருமினான்.

எழுந்து சுவரோரம் போய் நின்றான். போய்விடலாம் என்றால் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கிடக்கிறாள். விளக்குத் திரி படபடத்தது. மேஜைமேல் டிரம் சும்மா இருந்தது.

பிறகு நரம்புகள் மறுபடி தொடங்கின. இந்தத் தடவை நிற்கவில்லை. மெல்ல ஏறி, உச்சியில் உடைந்து, கேவலாகத் தாழ்ந்து, மறுபடி ஏறியது. அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். பெட்டியை மூடிய அன்று வெரோனிகா அப்படித்தான் ஓலமிட்டாள்.

அந்த ஓலம் இன்னும் வரவில்லை. வரப்போகிறது.

நரம்பைத் தளர்த்தினால் அடங்கிவிடும். கை நீண்டது, பாதியில் நின்றது. நரம்பைத் தளர்த்தி அடிப்பது சாவு ஊர்வலத்துக்குத்தான். மாட்டேன். இன்றைக்கு இந்த வீட்டில் அதைச் செய்ய மாட்டேன். தளர்த்தினால்தானே சாவுமேளம்? அறுத்துவிட்டால்?

தோல் சீவும் கத்தியை எடுத்தான். முதல் நரம்பு. அடுத்தது. அறுபடும்போது அவை விரலைச் சுற்றிக்கொண்டன, சூடாக இருந்தன. கடைசி நரம்பும் அறுந்தது.

அமைதி.

ஓட்டின்மேல் மழை கொட்டுவது தெளிவாகக் கேட்டது. லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். ஓலம் வரவில்லை. அப்பாடா, வரவில்லை. காத்திருந்தான். முனகலும் வரவில்லை. வேலம்மாவின் அதட்டலும் இல்லை.

கதவைத் தள்ளினான்.

வேலம்மா குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். கை விழுந்தது, சத்தம் விழவில்லை. அவள் அவனைப் பார்த்து ஏதோ கத்தினாள், உதடு மட்டும் அசைந்தது. பாயில் வெரோனிகா தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வாயைப் பிளந்திருந்தாள். அந்த வாய் மூடவில்லை, நரம்போடு அறுந்த ஓலம் வெளியே வரவும் இல்லை.

லூயிஸ் குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்தான். செக்கச்சிவந்த பெண் குழந்தை. நெஞ்சு ஏறி இறங்கியது, கால்கள் உதைத்தன, முகம் கோணி, ஈறு தெரிய வாய் திறந்து திறந்து மூடியது. அவன் அந்த வாயில் காதை ஒட்டவைத்தான். வெளியே மழை கேட்டது. ஒவ்வொரு அழுகைக்கும் சூடான மூச்சு காதுக்குள் வந்து மோதியது, மோதிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.