மூத்தவளின் வரி

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்த முதல் நாளே இளையவளுக்குத் தெரிந்துவிட்டது, அங்கே ஏற்கெனவே ஒருத்தி குடியிருக்கிறாள் என்று.

பேயாக அல்ல. கொக்கிகளாக.

சமையலறையின் கல்சுவரில் ஒன்பது கொக்கிகள் இருந்தன. கையில் இருந்த கரண்டியை அவள் வலதுகோடிக் கொக்கியில் மாட்டினாள். பின்னாலேயே வந்த நாத்தனார் அதை எடுத்து இடதுகோடியில் மாட்டினாள்.

"அது இங்கதான் அண்ணி. பெரிய அண்ணி எப்பவும் இங்கதான் மாட்டுவாங்க."

"கரண்டி எங்க தொங்கினா என்ன? சூப்புக்குத் தெரியவா போகுது?"

"சூப்புக்குத் தெரியாது. எங்க அண்ணனுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் மணியடிக்கப் போனாள். அவள் வேலை அதுதான். மலையைக் குடைந்து உள்ளே கட்டிய நகரம் அது. சூரியன் எட்டிப் பார்க்காத இடம். அவள் அடிக்கும் மணியை வைத்துத்தான் குள்ளர்களின் அரசு முழுவதும் விழித்தது, உண்டது, உறங்கியது.

இளையவள் பிறந்தது அதே மலையின் அடிவாரச் சுரங்கத்தில். அங்கே ஆண்களும் பெண்களும் கரி வெட்டுவார்கள். செத்தால் மண்ணில் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். மேல்நகரத்துக் குள்ளர்கள் அப்படியில்லை. அவர்களிடம் ஒரு சுவர் இருந்தது.

மலைக்கு வெளியே வாழும் நெட்டையர்கள் வரலாற்றைக் காகிதத்தில் எழுதுவார்களாம். எரியக்கூடிய ஒன்றை நம்பி ஒரு நாட்டை ஒப்படைக்கலாமா என்று குள்ளர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய வரலாறு ஆயிரம் அடி நீளச் சுவரில் இருந்தது. மலையை முதல் உளியால் தட்டிய அரசர், நாற்பது நாள் போர், படையெடுத்து வந்த நெட்டையர்கள் வாசல்களில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துப்போய்த் திரும்பிய கதை, எல்லாமே அங்கே இருந்தது. ஒவ்வொருவர் இறந்ததும் ஒரு வரி செதுக்குவார்கள். செதுக்கியதும் உறவினர்கள் குனிந்து கல்தூளை ஊதிவிடுவார்கள். ஊதியதும் இறந்தவர் அந்த எழுத்துக்குள் குடியேறிவிடுவார், வீட்டை நாடி வரமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் துரோகியின் வரியைக்கூட யாரும் அழிப்பதில்லை.

அந்தச் சுவரைச் செதுக்குகிற கொத்தர்தான் அவள் கணவர்.

நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். மாலை மணி அடித்ததும் தாடி முழுக்கக் கல்தூளோடு வந்து நிற்பார். அவள் சீப்பை எடுத்து அந்தத் தாடியை வாரிவிடுவாள். அவர் குழந்தைபோலக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே அவள் நாளெல்லாம் காத்திருந்தாள். வேலையின்போது அவர் மூக்கில் கட்டும் துணியைத் துவைத்துக் காயப்போடும்போதுகூட அவளுக்குச் சுகமாக இருந்தது.

ஆனால் தினமும் வேலை முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. முதலில் மூத்தவளிடம் போவார்.

அது எல்லோருக்கும் தெரிந்த வரி. மூன்று வருடங்களுக்கு முன் கீழ்ச்சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, தனியாகப் போய் இரும்புக் கதவை இழுத்து மூடி, முந்நூறு குடும்பங்களைக் காப்பாற்றிவிட்டு, கதவின் அந்தப் பக்கமே மூழ்கிப்போனவள் மூத்தவள். அரசர்களின் வரிகளைவிட அவள் வரி ஆழம். கொத்தர் அப்படிச் செதுக்கியிருந்தார். ஒரு நாள் விடாமல் அதற்கு எண்ணெய் தடவி, எழுத்து எழுத்தாகத் துடைத்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு வருவார்.

உயிரோடு இருக்கிறவளென்றால் சண்டை போடலாம். இவளை என்ன செய்வது? இவளுக்குத் தலை நரைக்காது. சூப்பு தீயாது. ஒருநாளும் கோபத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடமாட்டாள். இளையவள் தாடி வாரும்போதெல்லாம் எண்ணெய் வாசனை வந்தது. இன்னொருத்தியின் வாசனை.

அரசரின் புதுக் கூடத்தில் கொத்தருக்குப் பத்து நாள் வேலை வந்தது. நகரத்தின் மறுகோடி. சுவர்ப் பக்கம் போக முடியாது.

"பத்து நாள் பார்க்காம இருந்துடுவீங்களா?" என்று கேலியாகத்தான் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையில் வைத்தார்.

"எனக்குப் பதிலா நீ போய்ட்டு வர்றியாம்மா? ஒரு நாளும் விடக்கூடாது."

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. சக்களத்திக்கு எண்ணெய் தேய்த்துவிட இவள் போக வேண்டுமா?

"போறேன்," என்றாள்.

கூடையில் கிண்ணத்தை வைத்தாள். அதன் அடியில் உளியையும் சுத்தியலையும் வைத்தாள்.

எல்லோரும் வேலையில் இருக்கிற நேரம். சுவர் நெடுக விளக்குகள் மட்டும் எரிந்தன. மூத்தவளின் வரிக்கு முன்னால் நின்று அதைக் கடைசியாக ஒருமுறை படித்தாள். பிறகு உளியை வைத்து அடித்தாள். கரி வெட்டிய கை அது. கல் பொரிப்பொரியாக உதிர்ந்தது. மூக்கில் துணி கட்ட வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. வெண்தூள் முகத்தில் படிந்தது, மூக்கில் ஏறியது, தொண்டையில் இறங்கியது. இருமிக்கொண்டே அடித்தாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினாள். மனசு காற்றாக இருந்தது. பாட்டு வந்தது.

சமையலறைக்குள் போனாள்.

வலதுகோடியில் அவள் மாட்டிவிட்டுப் போன கரண்டி இடதுகோடிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் வந்துபோயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் வாசலிலிருந்து சமையலறை வரை ஈரக் காலடிகள் இருந்தன. பெண்ணின் பாதம். தன்னுடையதாக இருக்குமோ என்று காலை வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல் நுனிகள் தடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. துடைக்கத் துணி எடுத்துக் குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. தேங்கிய தண்ணீர். சேறு. துருப்பிடித்த இரும்பு.

வீட்டில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். எந்த அறைக்குப் போனாலும் அடுத்த அறையில் விழுந்தது.

மூன்றாம் நாள் மாலை, அடுப்பில் சூப் கொதிக்க, உப்பு எடுக்கத் திரும்பினாள். அதற்குள் கொத்தர் பசியென்று ஒரு வாய் எடுத்துக் குடித்துவிட்டார்.

"ஆகா! இன்னிக்குத்தான் உப்பு சரியா இருக்கு."

அவள் கையில் உப்பு அப்படியே இருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. செத்தும் இவளுக்கு என் அடுப்படியில் என்ன வேலை என்று பல்லைக் கடித்தாள். தாடியை வாரலாமென்று சீப்பைத் தேடினாள்.

சீப்பு ஈரமாக இருந்தது. அதன் பற்களுக்கு இடையில் அவருடைய தாடி முடிகள்.

"யாரு வாரிவிட்டது?"

"நீதானே இப்ப வாரிவிட்டே," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஏன் கை இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?"

அவள் அறையின் இந்தக் கோடியில் நின்றிருந்தாள்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

மறுநாள் வீட்டில் அவள் மட்டும். வேலை நேரம். வெளியே தெருவில் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம் கேட்டது. படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

மெதுவாக. மடிக்க உதவுவதுபோல.

விரிப்புக்கு அந்தப் பக்கம், காதுக்கு அருகில் மூச்சு விடுவதுபோல ஒரு குரல்.

"என் வீட்டுல நீ யாரு?"

விரிப்பைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள். புதுக் கூடம் வரை நிற்கவில்லை. சாரத்தின் மேலிருந்த கொத்தரை இறங்கச் சொல்லி, மூச்சிரைக்க, இருமி இருமி எல்லாவற்றையும் கொட்டினாள். உளி, சுத்தியல், வரி.

"தப்புதான். உங்களுக்கு அவமேல இருக்கிற ஆசைய என்னால தாங்க முடியலைங்க. அடிக்கணும்னா அடிங்க."

அவர் அடிக்கவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆசையா?" என்றார். "ஆசையிலயா நான் தினமும் போறேன்னு நினைச்சே?"

சாரத்தின் அடியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் வேலை முடிஞ்சு வந்தா அவ முதல்ல தண்ணி தரமாட்டா. என் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்ப்பா. 'யாரைத் தொட்டீங்க?'ன்னு கேட்பா. பதினோரு வருஷம், தினமும். கல்லைத் தொட்டேன்னு சொன்னா நம்பமாட்டா. தங்கச்சிகிட்டப் பேசினாக்கூடச் சந்தேகம்."

"ஆனா அந்த வெள்ளத்துல..."

"கதவை மூடினது நிஜம். முந்நூறு குடும்பம் பொழைச்சதும் நிஜம். ஆனா அவ கதவை மூட அங்க போகல. எனக்குக் கீழ்ச்சுரங்கத்துல ஒருத்தி இருக்கான்னு நினைச்சு, கையும் களவுமாப் பிடிக்கப் போனா. அங்க யாருமே இல்லம்மா. தண்ணிதான் இருந்தது."

இளையவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரசர் வரியை விட ஆழமா ஏன் வெட்டினேன் தெரியுமா? அவ வெளியே வரக்கூடாதுன்னு. அங்கேயே இருன்னு கெஞ்சத்தான் தினமும் எண்ணெய் எடுத்துட்டுப் போனேன்."

அன்றே சுவருக்குப் போனார்கள். மணியடித்துவிட்டு நாத்தனாரும் வந்துசேர்ந்தாள். உடைந்த சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். உடைந்த இடத்துக்குக் கீழே, முன்பைவிட ஆழமாக, கொத்தர் அந்த வரியை மீண்டும் செதுக்கினார். இளையவள் பக்கத்தில் விளக்குப் பிடித்தாள். தூள் அவள் கால்களைச் சுற்றிக் குவிந்தது.

"ஊது," என்றார்.

அவரும் நாத்தனாரும் ஊதினார்கள். இளையவளும் குனிந்தாள். ஊத வாயைத் திறந்தபோது இருமல் வந்தது. நீளமாக ஒரு மூச்சு கல்தூளோடு உள்ளே போனது.

பிறகு இருமல் நின்றுவிட்டது. இத்தனை நாளாக உறுத்திய தொண்டை சட்டென்று குளிர்ந்துபோயிருந்தது. உறுத்தல் வெளியே போனதா, உள்ளே போனதா என்று அவள் யோசிக்கவில்லை. அவர் அவள் தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். தெருவில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

வீடு அமைதியாக இருந்தது. சொட்டும் சத்தம் இல்லை. வாசனை இல்லை. கரண்டி வலதுகோடியில் இருந்தது. மூன்று நாள் அவள் பாடிக்கொண்டே சமைத்தாள். தூரம் என்று பாராமல் எண்ணெய் தடவ இருவரும் சேர்ந்தே போனார்கள்.

"சின்ன அண்ணி முகத்துல இப்பத்தான் கல்யாணக் களை வந்திருக்கு," என்று நாத்தனார்கூடச் சொன்னாள்.

நான்காம் நாள் புதுக் கூடத்தில் வேலை இழுத்துவிட்டது. மாலை மணி அடித்து வெகுநேரமாகவில்லை, கொஞ்சம்தான். வாசலில் அவர் காலடிச் சத்தம் கேட்டதும் இளையவள் ஆசையோடு ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். சீப்பு மேசைமேல் தயாராக இருந்தது. அவள் அதைத்தான் எடுக்க நினைத்தாள்.

அவள் கை சீப்பின் பக்கம் போகவில்லை.

அவர் உள்ளங்கையைப் பிடித்துத் தூக்கியது. மூக்கின் அருகே கொண்டுவந்தது. அவள் ஆழமாக ஒருமுறை முகர்ந்தாள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை.

அவர் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

"யாரைத் தொட்டீங்க?" என்றது அவள் வாய்.

அவர் கையை உருவிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். அவர் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், தரையைப் பார்த்தன.

அவள் திரும்பினாள்.

சமையலறையிலிருந்து வாசல் வரை ஒரே ஒரு ஜோடிக் காலடிகள். ஈரமாக, அவள் பாதத்தைவிடச் சிறியதாக. அவை அவள் நிற்கிற இடத்தில் வந்து முடிந்திருந்தன.