மணல்தும்பை காயவில்லை

கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் போடுகிற வடகம் ஒரே நாளில் உடைகிற பதத்துக்கு வந்துவிடும். பழைய தினசரித்தாளுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் மரப்பலகை கொடுத்து, இரண்டு பெல்ட் போட்டு இறுக்கிய ஒரு சாண் செடி மூன்று நாளாகியும் காயவில்லை என்றால் என்ன அர்த்தம்? சனிக்கிழமை காலை, மந்தைவெளியில் தன் ஒற்றை அறை வாடகை வீட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டைப் பிரித்த அன்புச்செல்வி, தாளைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முந்தின நாள்தான் மாற்றிய புதுத்தாள்.

செடி வாடக்கூட இல்லை. வியாழக்கிழமை பிடுங்கியபோது இரண்டு பூ இருந்தன. இப்போது மூன்றாவதாக ஒரு மொட்டு, அரிசிமணி அளவில், கசங்காமல் நின்றது. அறை முழுக்க மழை பெய்த மணல் வாசனை. சென்னையில் மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

பதினோரு வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் அவள். எத்தனை நூறு செடிகளை இப்படி அழுத்திக் காயவைத்திருப்பாள்! ‘வேரில் ஈரம் தங்கியிருக்கும், வேறென்ன’ என்று தனக்கே கதை விட்டுக்கொண்டு, வேறு தாள் மாற்றி, பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.

செடி வந்த இடம் அடையாறு. பழைய பங்களா ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கிய மனை. பதினான்கு மாடி எழும்பப் போவதாகத் தகரத் தடுப்பில் படம் மாட்டியிருந்தார்கள். பின்மூலை மணல் திட்டில் மொத்தம் ஏழே செடிகள். எண்பது வருடமாக யார் கண்ணிலும் படாதவை. புத்தகத்தில் வாயில் நுழையாத லத்தீன் பெயர் இருந்தது; மணல்தும்பை என்பது அன்புச்செல்வி வைத்த பெயர். மனையைச் சுத்தம் செய்ய அனுமதி தரலாமா என்று திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. “போட்டோ யார் வேணா எங்க வேணா எடுக்கலாம். வேரோட காயவெச்ச செடியைக் கொண்டாங்க, பாக்கலாம்” என்று விசாரணை அதிகாரி அவளிடம் சொல்லிவிட்டார்.

அதுதான் வினை. இருபதுக்குக் குறைவாக இருந்தால் வேரோடு பிடுங்கவே கூடாது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், அவளே பிடுங்கினாள். சுலபத்தில் வரவில்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தாள். மனைக் காவலாளி குலாம் முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னா பாய்?”

“ஒண்ணுமில்லம்மா. மத்த ஆறும் உன்னியே பாத்துக்கினு கீது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்தது.

சனிக்கிழமை மதியம் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். அவசரத்துக்குத் தாளோடு சேர்த்துத் தேய்த்தால் செடி காய்ந்துவிடும், எல்லோரும் செய்வதுதான். பெட்டியை வைத்ததும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஆவி கிளம்பியது. இலை வேகிற வாசனை வரவேண்டும். வந்தது தலைமுடி கருகுகிற நாற்றம். பதறிப்போய்ப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்து, சுவிட்சையும் அணைத்தாள். ‘ஸ்ஸ்ஸ்’ நிற்கவில்லை. தாளுக்கு உள்ளேயிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கிறவர்களின் மூச்சாக, ரொம்ப நேரம் கேட்டது.

“மன்னிச்சிடு” என்றாள். வெறும் அறையில் ஒரு தாள்கட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. “உன்னக் கொல்லணும்னு இல்ல. நீ செத்தாத்தான் மத்த ஆறும் பொழைக்கும்னு சொல்றானுங்க.”

மூச்சு அடங்கியது. பெல்ட் மட்டும் ‘கிர்ர்’ என்று ஒருமுறை முனகியது.

சாயங்காலம் ஸ்ரீஹரி வந்தார். கட்டுமானக் கம்பெனியின் மேலாளர். மடிப்புக் கலையாத சட்டை, விரலில் நவரத்தின மோதிரம். பளபளக்கும் பழுப்பு ஷூவை வாசலில் ஜோடியாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

“மேடம், அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் புதர். ரிப்போர்ட்லயே அப்படித்தான் இருக்கு.”

வெறும் புதர். அந்த வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் அவள் பிறந்த வீட்டுச் சுவரில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்ட நாளிலும் இதே பேச்சுதான்: இங்கே வீடே இல்லை, வெறும் ஆக்கிரமிப்பு. அம்மா சொர்ணம் அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே மாற்றுக் குடியிருப்பான பெரும்பாக்கம் போனாள். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் அன்புச்செல்விக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

“ஏழு இருந்துச்சு. இப்ப ஆறு இருக்கு. திங்கக்கிழமை அதையேதான் சொல்லப்போறேன்.”

ஸ்ரீஹரி குனிந்து மோதிர விரலால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். “இதுக்கா இவ்வளவு?” கிளம்பும்போது ஞாபகம் வந்தவர் மாதிரி சொன்னார்: “உங்க ஹவுஸ் ஓனர் எனக்கு ரொம்ப வேண்டியவர். ஜாக்கிரதையா இருங்க.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பலகைக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. டக். டக்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு குலாம் முகம்மதுவின் போன். “அம்மா, மிஷினு வந்துக்கீது. லீவு நாள்ல ஆறையும் வாரிப்புடலாம்னு பாக்குறாங்க. ஓடியாம்மா.”

ஆட்டோ பிடித்து ஓடினாள். ஜேசிபி பின்மூலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. யாரிடமும் பேசாமல் போய், ஆறு செடிகளுக்கு நடுவே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, எந்திரிக்கா. என் பொழப்புல மண்ணப் போடாத” என்றான் டிரைவர்.

“உன் மேல எனக்கு ஒண்ணுமில்லப்பா. முதல்ல என் மேல ஏத்து. அப்புறம் செடி மேல ஏத்து.”

அவன் இன்ஜினை நிறுத்தினான். வேப்பமர நிழலில் நின்றிருந்த ஸ்ரீஹரி சிரித்தார். “தாராளமா உக்காருங்க மேடம். காயவெச்ச செடி இல்லாம நாளைக்கு என்னத்தக் காட்டுவீங்க?” என்றபடி காரில் ஏறினார்.

வீட்டு ஓனரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து ஓடினால் இந்த ஆறும் போகும். உட்கார்ந்தே இருந்தால் அங்கே இருக்கிற ஒன்று போகும். அதோடு நாளைய விசாரணையும் போகும். போகட்டும். அவள் அம்மா மாதிரி லாரியில் ஏறுகிற ஜாதி இல்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

உச்சி வெயில். காற்று செத்துவிட்டது. காக்கைகூடக் கத்தவில்லை. மடித்த காலுக்கு அடியில் மணல் லேசாக அசைந்தது.

சுற்றிப் பார்த்தாள். ஆறு செடிகளும் வளைந்திருந்தன. சூரியனை நோக்கி அல்ல. வடக்கே, ஆற்றைத் தாண்டி, மந்தைவெளிப் பக்கம்.

காற்றே இல்லை.

மணலுக்குள் ஏதோ விறைத்தது. அவள் பிடுங்கியபோது கீழே இழுத்ததே, அதே இழுப்பு. இப்போது வேறு எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. வெகு தூரத்திலிருந்து. மெதுவாக.

பிறகு ஆறு செடிகளும் ஒரே நேரத்தில் பூத்தன.

டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். குலாம் முகம்மது வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்து, மெயின்கேட்டைப் பூட்டிச் சாவியை அவள் கையில் வைத்தார். “போம்மா. இனிமே ஒருத்தனும் உள்ள வரமாட்டான். நான் கீறேன்.”

மூன்று மணிக்கு வீடு திரும்பினாள். வாசலில் பழுப்பு ஷூ. ஜோடியாக, ஒழுங்காக. கதவு திறந்திருந்தது.

“யாரு?”

அறையில் யாரும் இல்லை. மணல் வாசனை மட்டும்.

கட்டு வைத்த இடத்தில் இருந்தது. தடித்திருந்தது. அப்படியும் பெல்ட் இரண்டும் கடைசித் துளையில் இறுகியிருந்தன. அவள் கடைசித் துளை வரை இறுக்கவில்லை.

அதை ஒட்டி மொசைக் தரை பிளந்திருந்தது. விரிசலில் மணல்தும்பை நின்றது. பச்சைப்பசேல் என்று. மூன்றாவதாக வந்த மொட்டும் விரிந்திருந்தது.

அப்படியானால் தாளுக்குள் என்ன?

பிரித்தாள். தாள் மொறுமொறுவென்று உடைந்தது. நான்கு நாளில் முதல்முறையாகச் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

உள்ளே ஒரு கை. பழுப்பாக. தட்டையாக. காகிதக் கனத்தில். ஐந்து விரலும் ஒன்றன்மேல் ஒன்று படாமல், அவள் பிள்ளைகளுக்கு இலை பரப்பச் சொல்லிக்கொடுப்பாளே, அதே அழகில் விரித்து வைத்திருந்தது. நடுங்காத, பொறுமையான வேலை. மோதிரம் தாளில் பதிந்திருந்தது.

அடுத்த தாளில் தோள். அதற்கடுத்த தாளில், திறந்த வாயோடு முகம். கீழே இன்னும் நிறையத் தாள் இருந்தது.

கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேசையிலிருந்து காய்ந்த செடித்தாளில் ஒட்டுகிற லேபிள் ஒன்றும் பேனாவும் எடுத்துவந்து, செடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாளை பதினோரு மணிக்கு வேரோடு காயவைத்ததைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டத்தான் போகிறாள்.

பெயர்: ஸ்ரீஹரி.

இடம்: மந்தைவெளி.

நாள்: ஞாயிறு, உச்சி வேளை.

சேகரித்தவர் என்ற இடத்தில், பழக்கதோஷத்தில், தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டாள். டக், டக் என்று தரைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு.

அதை அடித்துவிட்டு எழுதினாள்: மணல்தும்பை.